மூலநோயும் வீட்டு மருந்தும்: மருத்துவ வரலாறு வகுத்த எல்லை

நோய்களுள் சில பிறரிடம் சொல்லத்தக்கவை. சில சொல்லக் கூசுபவை. காய்ச்சலோ தலைவலியோ வந்தால் அண்டை வீட்டாரிடம் சொல்லி ஆறுதல் பெறும் மனிதன், மூலநோய் வந்தால் மட்டும் வாய் திறவான். எரிச்சலையும் குருதிப்போக்கையும் மறைத்துக்கொண்டு, யாரோ சொன்ன பச்சிலையையும் சந்தையில் விற்ற களிம்பையும் தேடி அலைவான். இந்நாணமே இந்நோயின் வரலாற்றில் பெரும்பகுதியை ஆக்கியுள்ளது எனலாம். வீட்டு மருத்துவம் தழைத்ததும் அதனால்தான். போலி மருத்துவர் பிழைத்ததும் அதனால்தான்.

வீட்டு மருந்து நன்றா, தீதா என்று பொதுப்பட வினவுவதில் பயனில்லை. எம்மருந்து வீட்டுக்கு உரியது, எது பயின்ற மருத்துவர் கைக்கு உரியது, எந்த நிலையில் வீட்டு மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். மூவாயிரம் ஆண்டு மருத்துவ வரலாறு இவற்றுக்குத் தெளிவான விடை தருகின்றது.

பெயரும் பொருளும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயரே அதனை அவர்கள் எவ்வாறு கண்டனர் என்பதைக் காட்டும். தமிழில் மூலம் என்பது வேர், அடி என்னும் பொருளது. உடலின் அடியிடத்தில் தோன்றும் நோய்க்கு அதுவே பெயராயிற்று. இடத்தைச் சுட்டி நோயை உணர்த்தும் நாகரிகமான பெயர் அது. வடமொழி நூல்கள் அர்சஸ் என்னும். பகைவனைப் போல் உயிரை வருத்துவது என்று அதற்குப் பொருள் உரைப்பர். கிரேக்கர் இட்ட ஹெமராய்டு என்னும் பெயர் குருதி ஒழுகுவதைக் குறித்தது. ஆங்கிலேயர் பைல்ஸ் என்றது, பந்து எனப் பொருள்படும் 'பிலா' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நம் மலாய் அண்டை வீட்டார் வழங்கும் புவாசிர் என்ற சொல், பவாசீர் என்னும் அரபுச் சொல்லின் திரிபு. சமயமும் வணிகமும் வந்த அதே கடல்வழியே மருத்துவச் சொற்களும் இத்தீபகற்பத்துக்கு வந்தன என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

எகிப்தும் கிரேக்கமும்

எகிப்தியர் நாணற்புல் தாளில் எழுதிய மருத்துவச் சுவடிகளிலேயே இந்நோய் பேசப்படுகின்றது. ஏறத்தாழ கி.மு. 1550இல் எழுதப்பட்ட ஈபர்ஸ் சுவடியில் ஆசனவாய் நோய்களுக்கு மருந்துகள் கூறப்பட்டுள்ளன. கி.மு. 1200ஐ ஒட்டிய செஸ்டர் பீட்டி ஆறாம் சுவடியோ அப்பகுதியின் நோய்களையே தனிப்பொருளாகக் கொண்டது. எகிப்திய அரண்மனையில் ஆசனவாய்க் காவலர் என்ற பட்டத்துடன் ஒரு மருத்துவ வகையினரே இருந்தனர். இன்று கேட்போர் நகைக்கக்கூடும். ஆயினும் சொல்லக் கூசும் நோய்க்கும் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும் என்பதை அந்நாளிலேயே உணர்ந்திருந்தனர் என்பது கருதத்தக்கது.

கிரேக்க மருத்துவத் தந்தையாகிய ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியுள் மூலநோய்க்கென்றே ஒரு சிறு நூல் உண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுப் பொசுக்குவது அது கூறும் முறைகளுள் ஒன்று. அப்போது நோயாளியின் தலையையும் கைகளையும் பற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அவனை வாய்விட்டு அலறச் செய்ய வேண்டும். அலறினால் உள்ளிருப்பது நன்கு வெளிப்படும் என்கிறது அந்நூல். சுட்ட பிறகு, வேகவைத்து அரைத்த பருப்பைப் பற்றுப் போடச் சொல்கிறது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் நோயாளிகள் பட்ட பாட்டை அவ்வரிகளில் உணரலாம். அத்துன்பத்தை நினைத்தே மக்கள் வீட்டு மருந்தை நாடினர் என்றால் அவர்களைக் குறை கூற இயலாது.

இதே மரபு ஒரு தவறான எண்ணத்தையும் உலகுக்கு விட்டுச் சென்றது. மூலத்தின் வழியே ஒழுகும் குருதி உடலின் கெட்ட நீரைக் கழிப்பது என்றும், நெடுநாள் மூலத்தை முற்றும் குணப்படுத்தினால் நீர்க்கோவையோ காசமோ வரும் என்றும், ஆகவே ஒரு முளையையேனும் விட்டுவைக்க வேண்டும் என்றும் அப்பழைய மருத்துவர் கருதினர். கேலனும் அவர் வழி வந்தோரும் இக்கருத்தைப் பல நூற்றாண்டு போற்றினர். "கெட்ட இரத்தம் போகட்டும்" என்று இன்றும் சிலர் வாளாவிருப்பதைக் காண்கின்றோம். குருதியுள் கெட்டது, நல்லது என்று பிரிந்து வெளியேறும் பகுதி இல்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிந்தாலும் அது சோகையில் கொண்டுபோய் விடும்.

சரகரும் சுசுருதரும்

இந்திய மருத்துவ நூல்கள் இந்நோயைக் கண்ட முறை தனிச்சிறப்புடையது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய சுசுருத சம்ஹிதை மூலநோயைத் தீர்க்க நான்கு வழிகளை வரிசைப்படுத்துகின்றது: மருந்து, காரம், நெருப்பு, கத்தி. அண்மையில் தோன்றியதும் தொல்லை குறைந்ததுமான மூலத்துக்கு மருந்து போதும். மென்மையாய்ப் பரந்து ஆழ்ந்திருப்பதற்குக் காரம். தடித்து இறுகியதற்கு நெருப்பு. அடி மெலிந்து மேலெழுந்ததற்குக் கத்தி. காரம் என்றது மிளகாயின் உறைப்பை அன்று. நாயுருவி முதலிய செடிகளைச் சுட்ட சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுக்கும் அரிக்கும் பொருளையே அச்சொல் குறித்தது. உள்ளே நோக்குதற்கு நான்கு விரற்கடை நீளமுள்ளதும், பசுவின் மடிக்காம்பு வடிவினதுமான ஒரு குழற்கருவியையும் சுசுருதர் கூறுகின்றார். கண்ணால் கண்டு தெளிந்த பிறகே காரமோ கத்தியோ பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை.

சரகரோ மருந்தையும் உணவையுமே பெரிதும் நம்பியவர். கத்தி, காரம், நெருப்பு ஆகியவற்றால் விளையக்கூடிய கேடுகளை எடுத்துக் கூறி, அவை தேர்ந்த மருத்துவனுக்கே உரியவை என்று எச்சரிக்கின்றார். நோயின் காரணங்களை அவர் அடுக்கும் முறை வியப்பைத் தருவது. மல உந்துதலை அடக்குதல், முக்குதல், கடினமானதும் மேடுபள்ளமானதுமான இருக்கையில் அமர்தல், ஒட்டகம் முதலியவற்றின் மேல் நெடுந்தூரம் செல்லுதல், மகளிர்க்குக் கருப்பத்தின் அழுத்தம் ஆகியன அவற்றுள் சில. இக்காலத்து மருத்துவ நூல்களிலும் இவற்றுட் சில இடம்பெறுகின்றன. மருந்துகளுள் அவர் மிக உயர்த்திக் கூறுவது மோர். வலி மிகுந்தோரை மூலிகை வெந்நீரில் அமர்த்தும் முறையும் அவர் நூலில் உண்டு. இன்றைய மருத்துவர் வெதுவெதுப்பான நீரில் இடுப்பளவு அமரச் சொல்வது அதே முறையே.

இவ்விரு நூல்களையும் சேர்த்து நோக்கினால் ஓர் எல்லை புலப்படும். உணவு, மோர், வெந்நீர், மலத்தை இளக்கும் மருந்து ஆகியன ஒரு பக்கம். அரிப்பது, சுடுவது, அறுப்பது ஆகியன மறுபக்கம். முன்னவற்றை வீடு ஆளலாம். பின்னவற்றை வீடு தொடலாகாது. பிற்கால வரலாற்றில் நேர்ந்த கேடுகளுட் பல இவ்வெல்லையைக் கடந்ததால் நேர்ந்தவையே.

சித்த மருத்துவமும் தமிழர் அடுக்களையும்

தமிழ்ச் சித்த மருத்துவம் மூலத்தை விரிவாக ஆராய்ந்தது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி அதனை 21 வகையாகப் பிரிக்கின்றது. உள்மூலம், வெளிமூலம், இரத்தமூலம் ஆகிய சொற்கள் இன்றும் மக்கள் வழக்கில் உள்ளன.

அடுக்களையோடு இம்மருத்துவம் கொண்ட உறவுக்குக் கருணைக்கிழங்கு தக்க சான்று. இக்கிழங்கினத்துக்கு வடமொழியில் அர்சோக்ன என்று ஒரு பெயர் உண்டு. மூலத்தை அழிப்பது என்பது அதன் பொருள். தமிழ் மருத்துவத்தில் கருணைக்கிழங்கு லேகியம் இந்நோய்க்கெனவே கிண்டப்பட்டு வந்தது. ஆயினும் இக்கிழங்கைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் நாவும் தொண்டையும் அரிக்கும். அதிலுள்ள ஆக்சலேட்டு என்னும் ஊசி போன்ற நுண்படிகங்களே காரணம். நம் பெண்டிர் அதனை அரிசி கழுவிய நீரில் ஊறவைத்தும், புளி சேர்த்து நன்கு வேகவைத்தும் சமைத்தனர். வேதியியல் நூல் படியாமலே நஞ்சு நீக்கும் முறை அறிந்த அவ்வறிவு பாராட்டுக்குரியது. மருந்தின் பெயரை மட்டும் நினைவிற் கொண்டு பக்குவத்தை மறந்தவன் நோயோடு தொண்டை அரிப்பையும் தேடிக்கொள்வான்.

துத்திக்கீரையை உணவிற் சேர்ப்பதும், அதன் இலையை விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவதும் தமிழகச் சிற்றூர்களில் வழங்கிய முறைகள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலைச் சூரணம் மலத்தை இளக்கப் பயன்பட்டது. இவை அனைத்தின் நோக்கமும் ஒன்றே: மலம் இறுகாதிருக்க வேண்டும், வெளியேறும் வழி புண்படாதிருக்க வேண்டும். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருந்துச் சரக்குகளை அடுக்காமல் உணவின் அளவையே பெரிதும் வற்புறுத்துவதையும் தமிழாசிரியர்கள் இங்கு நினைவு கூரலாம்.

மைமோனிடீசின் அறிவுரை

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ், உயர்குடி இளைஞன் ஒருவனுக்காக மூலநோய் பற்றி அரபு மொழியில் ஏழு அதிகாரங்கள் கொண்ட நூல் ஒன்று எழுதினார். செரிமானத்தைச் சீர்ப்படுத்துவதும் மலச்சிக்கலைத் தவிர்ப்பதுமே அவர் முதன்மையாகக் கூறுவன. முளையை அறுத்து எறிந்தாலும், அதனை உண்டாக்கிய காரணம் உடலில் நின்றால் வேறொரு முளை தோன்றும். ஆகவே அறுவைக்கு விரையலாகாது என்று அவர் எழுதினார். சரகரின் நோக்கும் இவர் நோக்கும் ஒத்திருப்பதைக் காணலாம். சூழலும் மொழியும் வேறுபட்ட அறிஞர் இருவர் ஒரே முடிவுக்கு வருவது, அம்முடிவு நோயாளியைக் கண்டு பெற்றது என்பதைக் காட்டுகின்றது.

எல்லை மீறிய மருந்துகள்

இனி மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். சீனத்தில் சோங் அரசமரபின் காலத்திலேயே மூலத்தை வாடி உதிரச் செய்யும் பொடி ஒன்று வழங்கியது. அதில் ஆர்சனிக் பாடாணம் சேர்ந்திருந்தது. முளையைத் தின்னும் பாடாணம் குருதியிற் கலந்தால் மனிதனையும் தின்னும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அமெரிக்காவில் 1871இல் இலினாய் மாநிலத்து மருத்துவர் ஒருவர், கார்பாலிக் அமிலத்தை ஒலிவ எண்ணெயிற் கலந்து மூலத்துள் ஊசியால் செலுத்தும் முறையைக் கண்டார். அதனை வெளியிடாமல் மறைபொருளாக வைத்தார். பின்னர் அம்மறைபொருள் ஊர் ஊராகத் திரியும் போலி மருத்துவர்க்கு விலைபோயிற்று. கத்தியில்லை, வலியில்லை என்ற விளம்பரத்தோடு அவர்கள் செலுத்திய மருந்தால் தசை அழுகியோரும் உயிரிழந்தோரும் உண்டு. முறையான மருத்துவர்கள் அதனை ஆராய்ந்து, மருந்தின் அளவைக் குறைத்து ஒழுங்குபடுத்திய பின்னரே அம்முறை பயன்தரும் சிகிச்சையாயிற்று. அறிந்தவர் கையில் மருந்தானது, அறியாதவர் கையில் நஞ்சாயிற்று.

இதற்கு மாறான நற்செயல் ஒன்றும் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. 1835இல் பிரெடரிக் சால்மன் என்னும் அறுவை மருத்துவர், மலக்குடல் நோயுற்ற ஏழைகளுக்காக இலண்டனில் ஏழே படுக்கைகளுடன் ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். அதுவே பின்னர் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனை எனப் புகழ்பெற்றது. புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சுக்கு 1841இல் பவுத்திர அறுவை செய்தவரும் சால்மனே. ஏழையும் எழுத்தாளனும் ஒரே நோய்க்கு ஒரே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சென்றதால் நாணத்தின் பிடி சிறிது தளர்ந்தது.

புதிய அறிவு

மூலம் என்பது புதிதாக முளைத்த வேற்றுப்பொருள் என்றே நெடுங்காலம் கருதினர். பின்னர் வீங்கிய நாளம் என்றனர். 1975இல் தாம்சன் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் வேறொன்றை விளக்கினார். குருதி நாளங்களும் தசை நார்களும் சேர்ந்த மெத்தைகள் பிறவியிலேயே எல்லார்க்கும் ஆசனவாயின் உள்ளே உள்ளன; மலமும் காற்றும் கசியாதபடி மூட அவை துணைசெய்கின்றன. இறுகிய மலமும் நெடுநேர முக்குதலும் அவற்றைத் தாங்கும் நார்களைத் தளர்த்தி, மெத்தைகளைக் கீழே சரியச் செய்கின்றன. அவை வீங்கிக் குருதி கசிவதே மூலநோய். ஆகவே வேரோடு பிடுங்கி எறியும் மருந்து என்ற விளம்பரம் பொருளற்றது. முக்குதலை ஒழிப்பதே முதல் மருந்து.

ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்னும் மருத்துவர், நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணும் மக்களிடம் மலச்சிக்கலும் அதனைச் சார்ந்த நோய்களும் குறைவு என்று 1970களில் வற்புறுத்தி எழுதினார். 2005இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 378 நோயாளிகள் பங்கேற்ற ஏழு சோதனைகளை ஆராய்ந்தது. நார்ச்சத்து உண்டோர்க்குக் குருதிப்போக்கு நீடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று அது கண்டது. அடுக்களை மருத்துவத்தின் நல்ல பகுதிக்கு அறிவியல் அளித்த சான்று என்று இதனைக் கொள்ளலாம்.

மருத்துவர் பக்கத்திலும் கொடுமை குறைந்துள்ளது. உரோமானிய ஆசிரியர் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே மூலத்தின் அடியை நூலால் கட்டச் சொன்னார். நம் நாட்டிலும் கள்ளிப்பாலும் மஞ்சளும் பூசிய நூலைக் கட்டும் முறை இருந்தது. 1963இல் பாரன் என்னும் அமெரிக்க மருத்துவர் அதே கருத்தை எளிமையாக்கி, உள்மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையம் இடும் கருவியைப் பரப்பினார். பெரும்பாலும் மயக்கமருந்து இன்றியே அது செய்யப்படுகின்றது. நோயாளி அன்றே வீடு திரும்பலாம். ஹிப்பாக்கிரட்டீசின் காய்ச்சிய இரும்பை நினைந்து இன்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது உணவு. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கீரை, கங்கோங், அவரை, பயறு, கொண்டைக்கடலை, தீட்டாத அரிசி, பப்பாளி, கொய்யா ஆகியன அதனைத் தரும். அளவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். நார்ச்சத்துக்கு ஏற்ப நீரும் வேண்டும். இசப்கோல் உமியை உண்போர் போதிய நீரில் கலந்து உடனே பருக வேண்டும். நீரின்றி விழுங்கினால் தொண்டையையோ குடலையோ அடைக்கக்கூடும். நீரையும் நார்ச்சத்தையும் அளவோடு கொள்ளும்படி மருத்துவர் விதித்த சிறுநீரக, இருதய நோயாளிகள் அவரைக் கேட்டே இவற்றை மாற்ற வேண்டும். மோர் பருகலாம், அது முளையை எரிக்காது, ஆனால் நீரும் உணவுமாகி உதவும்.

இரண்டாவது பழக்கம். உந்துதல் வந்தபோது அடக்கலாகாது. மலங்கழிக்கச் சென்ற இடத்தில் செய்தித்தாளோ கைப்பேசியோ பார்த்துக்கொண்டு நெடுநேரம் அமரலாகாது. இவ்விடத்தில் ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. பாட நடுவில் வெளியே செல்ல அனுமதி கேட்கும் சிறுவனைத் தடுத்து நிறுத்துவதும், பள்ளிக் கழிப்பறையைச் சிறுவர் அருவருக்கும் நிலையில் விட்டுவைப்பதும், அடக்கும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டுவனவாகும்.

மூன்றாவது வெந்நீர். அகன்ற பேசினில் இளஞ்சூடான நீர் ஊற்றி, பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளில் இரண்டு மூன்று முறை அமரலாம். எரிச்சலும் தசை இறுக்கமும் தணியும். நீரில் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. பிறகு மெல்ல ஒற்றித் துடைக்க வேண்டும்.

செய்யத்தகாதவையும் உள. பூண்டு, காடி, மிளகு, சுண்ணாம்பு, கள்ளிப்பால் முதலியவற்றை அவ்விடத்தில் பூசலாகாது. மென்தோல் வெந்து புண்ணாகும். பெர்மாங்கனேட்டுப் படிகம் கரையாமல் பட்டாலும் சுடும். விளக்கெண்ணெய், நிலாவாரை முதலிய பேதி மருந்துகளை நாள்தோறும் உண்ணும் வழக்கம் கூடாது. கருவுற்ற மகளிர் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணலாகாது. உட்பொருள் எழுதப்படாத பொடியும் களிம்பும் எவ்வளவு புகழப்பட்டாலும் விலக்கத்தக்கவை. எவரேனும் வீட்டுக்கு வந்து ஊசி போடுவதாகவோ அறுப்பதாகவோ சொன்னால் இடங்கொடுத்தலாகாது.

குருதி சொல்லும் செய்தி

மேற்கூறியவற்றைவிட முதன்மையானது ஒன்று உண்டு. ஆசனவாயில் குருதி கண்டவுடன் அது மூலமே என்று முடிவு கட்டுதல் பெருந்தவறு. பெருங்குடற் புற்றுநோயும் குருதியாகவே தன்னை முதலில் வெளிப்படுத்தக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாக்கத்தக்க அந்நோய், மூலம் என்ற பெயரால் மறைந்து வீட்டு மருந்தோடு மாதக்கணக்கில் வளர்ந்தால் உயிருக்கே கேடாகும்.

ஒரு வாரம் வீட்டு மருத்துவம் செய்தும் தொல்லை தணியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குருதி கருத்தோ, மலத்தோடு கலந்தோ வந்தாலும், மலங்கழிக்கும் வழக்கம் மாறினாலும், உடல் மெலிந்தாலும், களைப்பும் வெளுப்பும் தோன்றினாலும், குடும்பத்தில் எவர்க்கேனும் குடற்புற்று இருந்திருந்தாலும் அவ்வொரு வாரமும் காத்திருத்தலாகாது. குருதியை இளக்கும் மருந்து உண்போர்க்கும் இது பொருந்தும். குருதி மிகுதியாகக் கொட்டினாலோ, தாங்கொணா வலியோ காய்ச்சலோ வந்தாலோ, வெளிவந்த முளை கருத்து உள்ளே செல்லாமல் நின்றாலோ உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு, மலத்தில் மறைந்துள்ள குருதியைக் காணும் எளிய சோதனை இவ்விரு நாடுகளிலும் கிடைக்கின்றது. நோய்க்குறி இல்லாதோரும் அதனைச் செய்துகொள்ளுதல் நன்று.

வீட்டு மருந்தை இகழ்வது அறிவுடைமையன்று. அதனையே முற்றும் நம்பி இருந்துவிடுவதும் அறிவுடைமையன்று. மோரையும் வெந்நீரையும் புகழ்ந்த பழைய நூலாசிரியர்களே, அவற்றால் தீராத நிலையும் உண்டு என்று கூறித் தேர்ந்தவனிடம் செல்லப் பணித்தனர். அவர்கள் தந்த பச்சிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் தந்த எச்சரிக்கையை விட்டுவிடுவது மரபைப் போற்றுவதாகாது. நாணத்தை விட்டு, "இன்ன இடத்தில் குருதி வருகிறது" என்று மருத்துவரிடம் ஒரு சொல் சொல்லும் துணிவு ஒவ்வொருவர்க்கும் வேண்டும். அத்துணிவை வீட்டிலுள்ள முதியோர்க்கு ஊட்டுவது படித்தவர் கடமை.